ஏப்ரலில் திறக்கும் பள்ளி

சுவாதி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியதும் இளமதியின் கண்ணில் முதலில் பட்டது நீச்சல் குளம். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே நீச்சல் குளம்!

"இது ஒண்ணு அண்ணி. இன்னொண்ணு சின்ன ஸ்கூலு. ஆனா தமிழ் சொல்லித் தராங்களாம். மஸ்கட்லேர்ந்து அவரு ரெண்டயும் அனுப்பி, உங்கள கேட்டு முடிவு பண்ணச் சொன்னாரு."

இளமதி கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி ஆசிரியை. அவள் கணவன் செந்தமிழ்செல்வனின் தங்கை சுவாதி. பிளஸ் டூ கணக்கில் தடுமாறிய சுவாதியை உட்கார வைத்துப் பாஸ் பண்ண வைத்தவளே இளமதிதான். 2009 பொங்கலுக்குச் சிதம்பரத்தில் சுவாதி வீட்டுக்கு வந்த இடத்தில்தான் இந்தப் பேச்சு. கூடத்தில் இளமதியின் மகள் தீபிகாவும் சுவாதியின் மகன் ஆகாஷும் ஒரே கரும்பை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வரும் வருஷம் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு. ஆகாஷ் மட்டும் அம்மாவோடு, அப்பா வேலை பார்க்கும் மஸ்கட்டுக்குப் போய்ச் சேரப்போகிறான். ஒருத்திக்கு மூச்சுமுட்டும் ஷேர் ஆட்டோ, இன்னொருத்தனுக்கு நீச்சல் குளம். இளமதிக்கு வயிறு எரிந்தது.

"குளம் கெடக்கட்டும். தமிழ் இருக்கற ஸ்கூலப் பாரு" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னோமா, குளத்தைத் தட்டிப் பறிக்கத்தான் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

இளமதியோடு வந்திருந்த மாமியார் தனம் அடுத்த விஷயத்துக்குப் போனாள். "வைகாசியில திருவந்திபுரத்துல மொட்டை போட்டு, மாமன் மடியில வெச்சுக் காது குத்திட்டுப் பொறப்படட்டும். ஸ்கூலு ஜூன்லதான? என்ன டீச்சரம்மா?"

இளமதிக்கு விஷயம் தெரியும். நம் ஊரில் கத்திரி வெயிலுக்குப் பயந்து மே மாதம் பள்ளியை மூடுகிறோம். அதனால் ஜூனில் புதுப் பாடம். வளைகுடாவில் ஜூன், ஜூலைதான் வாட்டியெடுக்கும். அங்குள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலிலேயே புது வகுப்பைத் தொடங்கி, இரண்டு மாதம் நடத்திவிட்டுத்தான் கோடை விடுமுறை விடும். சீட்டுக்கோ அதற்கும் முன்னாலேயே பெயர் கொடுத்து, குலுக்கலில் வரவேண்டும். போன வருஷம் மஸ்கட்டிலிருந்து திரும்பி அவள் வகுப்பில் சேர்ந்த பையனின் அம்மா இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லியிருந்தாள். வைகாசியில் போனால் ஆகாஷுக்கு அந்த வருஷம் பள்ளியே இல்லை.

"ஆமா அத்தே, ஜூன்தான்" என்றாள் இளமதி.

"பாத்தியா, எம் மருமவளுக்குத் தெரியாதது உண்டா!" என்றாள் தனம்.

கடலூர் திரும்பிய மறுநாள் சுவாதி போன் செய்தாள். "கொளம் இருக்கற ஸ்கூல வேணாம்னுட்டேன் அண்ணி. அவருக்குக் கோவம். அண்ணி சொன்னா சரியா இருக்கும்னு ஒரே புடியா நின்னுட்டேன்."

இளமதியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"சுவாதி, அங்க ஏப்ரல்லயே கிளாஸ் ஆரம்பிச்சிடும். இன்னைக்கே பேரு குடுக்கச் சொல்லு. மொட்டைய மாசியிலயே முடிச்சுடு."

கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த தனம் எழுந்தே வந்துவிட்டாள். "அன்னைக்கி ஜூன்னே, இன்னைக்கி ஏப்ரலுங்கிற? அவசர அவசரமா பண்ணா மண்டபம் வேணாம், பந்தி வேணாம், மாமன் சீரும் சுருங்கிடும்னு பாக்குறியா? நாத்தனா நல்லா இருந்தா ஒனக்குப் பொறுக்காதே!"

இளமதி போனை வைத்தாள். அன்றைக்கே தெரியும் என்று சொன்னால் இதைவிடக் கேவலம்.

மாசியில் திருவந்திபுரம் மலையில் மொட்டை நடந்தது. செந்தமிழ்செல்வன் மடியில் ஆகாஷ் ஊரைக் கூட்டினான். வந்த உறவுக்காரர்கள் எல்லாம், அண்ணிக்காரி விசேஷத்தைச் சுருக்கிவிட்டாளாம் என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியது இளமதிதான்.

நாலைந்து நாளில் மறுபடி போன்.

"குலுக்கல்ல பேரு வந்துடுச்சு அண்ணி!"

வரக்கூடாது என்று தான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அந்த நொடியில்தான் இளமதிக்குப் புரிந்தது.

"சந்தோஷம்டி" என்றாள். "அங்க சேக்கணும்னா டிசியில இங்கத்த ஸ்கூல் கையெழுத்து மட்டும் பத்தாது. கல்வி அலுவலரும் போடணும். பரீட்சை நேரம் வந்தா அவுங்கள ஆபீசுல புடிக்க முடியாது. நாளைக்கே போய்டு."

"சரி அண்ணி. குரல் ஒரு மாதிரி இருக்கே, சளியா?"

"ஆமா" என்றாள் இளமதி. "சளிதான்."