கல்தூண் பார்க்கப் போன நாள்

சுஷீலாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சவேனியில் முப்பது வருஷம் கரும்பு வெட்டிய இடுப்பு. கேரியர் வண்டியின் பலகையில் இரண்டு மணி நேரம் குலுங்கியதும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

"எறங்கு புள்ள. மலை எறங்கி வந்து உன்னப் பாக்காது," என்றான் புருஷன் சின்னப்பன்.

"வாய மூடிக்கிட்டு கையக் குடு."

தீவின் தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்த்து நாலு மாதம். குத்தகை முடிந்து நிலமும் போயிற்று. நாளை மறுநாள் ஆக்லாந்துக்கு, மகள் ரோஷ்னியிடம் விமானம். வயலில் நிமிரும்போதெல்லாம் கண்ணில் பட்ட மலை இது. உச்சியில் கல்தூண்கள் நிற்கின்றனவாம். பார்க்காமல் விமானம் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுதான் வந்திருந்தாள்.

மலைப் பூங்கா அடிவாரக் கிராமத்தாருடையது. மேலே போக, ஊர்ப் பெரியவர் முன்னால், கரைத்துக் குடிக்கும் யங்கோனாவைக் காணிக்கையாக வைத்து அனுமதி கேட்க வேண்டும். சின்னப்பன் பெருமையாக நீட்டினான்: லவுத்தோக்கா கடையில் வாங்கிய பொடிப் பொட்டலம்.

அந்த ஊர்ப் பூர்வகுடியான வழிகாட்டி செமி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் இந்தி இவர்கள் இந்தியைவிடச் சுத்தம்.

"அண்ணே, இது சாயங்காலம் கரைச்சுக் குடிக்கிறது. பெரியவர் முன்னாடி பொடிக்காத யங்கோனா வேர்க்கட்டுதான் வைக்கணும். வேர் இல்லன்னா மேல விடமாட்டாங்க."

"நாலு தலைமுறையா இங்க கெடக்கோம். இதுகூடத் தெரியல ஒனக்கு," என்றாள் சுஷீலா.

"ஒனக்குத் தெரிஞ்சுதாக்கும்!"

அவளுக்கும் தெரியாது. கேரியர் போய்விட்டது, கடை பத்து மைல் கீழே. அவள் முகத்தைப் பார்த்த செமி வீட்டுக்குள் போனான். ஒரு வேர்க்கட்டோடு வந்தான். சவேனி சின்னப்பன் குடும்பம் என்று சொல்லிப் பெரியவர் முன் வைத்தான். பெரியவர் கைதட்டி ஏற்றுக்கொண்டார்.

உச்சியில் சுஷீலா வாய் பிளந்து நின்றாள். பத்து ஆள் உயரம், ஒவ்வொன்றும் ஆறு பட்டை, வெட்டி நிறுத்திய கரும்பைப் போல நெருக்கமாக. வெயில் குடித்த கல்லில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"எவன் வெட்டினான் இத? ஒரு சிம்பு இல்லியே!"

"மேஸ்திரி சர்தார் யாரும் அதட்டாம நடந்த வேல. அதான் சுத்தம்," என்றான் சின்னப்பன்.

இடுப்பு வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை. ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தாள்.

இறங்கியதும் செமியிடம் டாலர் நோட்டுகளை நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அது எங்கப்பா நெனவு நாளுக்கு வச்சிருந்த வேரு. அவருக்கு முன்னாடி பணத்தையா வைக்க முடியும், அக்கா? வேராவே குடுங்க."

"எப்ப வேணும்?"

"வர்ற மாசம்."

வருகிற மாதம் அவள் ஆக்லாந்தில் இருப்பாள். செமிக்கு ஒரு கட்டு யங்கோனா வேர் பாக்கி.