மூன்று நாள் ஊர்க்கட்டுப்பாடு

எண்ணூர்க் கழிமுகத்தில் எங்கள் சேற்றுத் திட்டை மூடி கண்டெய்னர் யார்டு போடப் போகிறார்கள். நாரை இறங்கும் இடம் என்று ஆய்வுக் குழு எழுதிக்கொடுத்தால் மண் கொட்ட முடியாது. அதனால் ஊர்க்கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். அன்றைக்கு என் வாயை யாராவது தைத்திருக்கலாம்.

"நாரை பயந்தாங்கொள்ளிப்பா. குழு வர்ற வரிக்கும் மூணு நாளு எவனும் ஆத்துல எறங்காம கம்முனு கெடங்க."

ஊர் கட்டுப்பட்டது. முழங்கால் தண்ணீரில் குந்தி, பையை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் என் மனைவி புஷ்பவல்லியும் வீட்டிலேயே இருந்தாள். அந்தத் திட்டு போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மூன்றாம் நாள் காலை குழுவோடு அதன் தலைவி வினிதா மேடம் வந்தார். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. ஒரு நாரைக் கூட்டம் வந்தது. அது இரண்டு முறை வட்டமடித்துவிட்டு வடக்கே போய்விட்டது. மதியம் வரை காத்திருந்தோம்.

"பார்த்ததைத்தானே நான் எழுத முடியும்," என்றார் மேடம். நல்ல மனுஷிதான்.

மறுநாள் புஷ்பவல்லி இறங்கினாள். அரை மணி நேரத்தில் நாற்பது நாரைகள்! அவளுக்குப் பின்னாலேயே வரிசையாக நின்று, அவள் கை கிளப்பிவிட்டதைக் கொத்திக்கொண்டிருந்தன. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. முன்பெல்லாம் மீஞ்சூர்ப் பக்கம் உழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் இப்படித்தான் நிற்கும். வயலில் மேய்ந்துவிட்டு இங்கே வரும். இங்கே தண்ணீர் ஏறினால் திரும்ப வயலுக்குப் போகும். அந்த வயல்களில் இப்போது லாரி நிற்கிறது. அதுகளுக்குச் சேற்றைக் கிளறிவிட மிச்சமிருந்தது நாங்கள்தான். எங்களையும் நானே வீட்டில் பூட்டி வைத்தேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். "சீக்கிரம் வாங்கம்மா, நாப்பது கீது!"

"ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சுங்க."

"இன்னான்னு எழுதினீங்க?"

மேடம் படித்துக் காட்டினார். "பறவைகள் இறங்கவில்லை. மூன்று நாட்களாக மீன்பிடிப்பும் இல்லை. பயன்பாட்டில் இல்லாத நிலம்."

வாயிலிருந்த பையை எடுத்துவிட்டு, "மேடம் இன்னாயா சொல்லுது? வருதா?" என்று புஷ்பவல்லி தண்ணீரிலிருந்து கத்தினாள். நாரைகள் அசையவே இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னும் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி நின்றேன்.