சவரிமுத்து பெயர் எழுதிய கார்

காரின் சத்தத்துக்கு முன்னால் அதன் நாற்றம்தான் லூயிஸுக்குக் குமட்டியது. பாதி எரிந்து பாதி எரியாத பெட்ரோல், வாசலைத் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படம் வரைக்கும் வந்து நின்றது. வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல அவர் வாசலைப் பார்த்தார்.

ஒரு வாரத்துக்கு மேலாகக் கார் வீட்டில் இல்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்புறம் தீனா என்பவன் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிறான். கம்பெனியில் ஒழுங்காகச் செய்து அனுப்பும் கார்களைப் பிரித்து, வேகத்துக்கென்று வேறு சாமான்களை மாட்டித் தருவது அவன் தொழில். லூயிஸின் மகன் சாவியோ எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். வேலை நேரம் போக மிச்சமெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் கழிந்தது.

டர்போ வைத்த சின்னக் கார் அது. வாங்கியது லூயிஸின் பெயரில். பின்கண்ணாடியில் பெரிய வெள்ளை எழுத்தில் ‘சவரிமுத்து’ என்று தாத்தாவின் பெயரைச் சாவியோ ஒட்டிக்கொண்டு வந்த அன்று, லூயிஸ் மனசுக்குள் நிமிர்ந்துகொண்டார். துறைமுகத்தில் சவரிமுத்து மேஸ்திரி என்றால் கப்பல்காரன் வரைக்கும் தெரியும். அவர் மகன் என்பதற்காகவே லூயிஸ் நிலக்கரித் தூசி பறக்கும் தளத்திலும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்று சரக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர்.

இப்போது அதே பெயருக்குக் கீழே ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“சைலன்சர் எங்கடா?”

“இதான் நைனா சைலன்சர்.”

“இதுவா? சாக்கடைக் குழா மாரி கீது.”

சாவியோ சிரித்தான். கம்பெனிக்காரன் என்ஜினைக் கட்டிப்போட்டு வைத்திருந்தானாம், தீனா அவிழ்த்து விட்டுவிட்டானாம். காற்று இழுக்கப் பெரிய ஃபில்டர், அந்தக் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர், புகையை வடிகட்டும் டப்பாவை எடுத்துவிட்டு நேர்க் குழாய். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அந்தக் குழாய்க்குள் போய் வெடிக்கிற மாதிரி கம்ப்யூட்டரில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அது கெட்டுப்போய் வெடிப்பதில்லை, காசு கொடுத்து வெடிக்க வைத்தது என்று அவன் பெருமையாக விளக்கினான். லூயிஸ் பின்கதவைத் திறந்து பார்த்தார். பின் சீட்டே இல்லை. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். வெறும் தகரத்தில் பழைய பசை கறுப்பாக ஒட்டியிருந்தது. குடலை எடுத்துவிட்ட மீனின் வயிறு போலிருந்தது. அவர் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

அக்டோபர் முடிகிற நேரம் அது. ஜெபமாலை மாதம் முழுவதும் தெருவில் மாதாவின் சிலை, சுரூபம் என்பார்கள், வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. கடைசி நாள் லூயிஸ் வீடு. அங்கிருந்து மாதாவைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அந்தக் குடும்பம்தான். சவரிமுத்து தோளில் சுமந்தார். லூயிஸ் ஸ்கூட்டரில், பின்னால் மனைவி ஃப்ளோராவின் மடியில் வைத்துக் கொண்டுபோனார். கார் வந்த பிறகு காரில். எதிர்வீட்டுக் கிறிஸ்டினா ஒரு வருஷமாவது எங்களுக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்காத வருஷம் இல்லை. லூயிஸ் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே இல்லை என்றுதான் சொல்வார்.

ஆட்டோ வைத்துக்கொள்ளலாம் என்றாள் ஃப்ளோரா. போன மாதம்தான் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவள். வாடகை வண்டியில் மாதாவா என்று லூயிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெதுவாகப் போனால் சத்தமே வராது என்று சாவியோ மாதா தலையில் கை வைக்காத குறையாகச் சொன்னான். அவர் நம்பினார்.

கடைசி நாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டார்கள். பின்னால் சீட்டு இல்லாததால் ஃப்ளோரா தன் கைக்குடையை எடுத்துக்கொண்டு முன்னாடியே நடந்துவிட்டாள். குறுக்குச் சந்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். மாதாவுக்கு மேலே விரித்துப் பிடிக்கும் பெரிய குடையின் கம்புகள், மெழுகுவர்த்திப் பெட்டிகள், பூமாலைகள் எல்லாவற்றையும் காரின் பின்பக்கத்தில் நீளவாக்கில் அடுக்கி, தூசி படாமல் வெள்ளைத் துணி போர்த்தினார் லூயிஸ். கார் மூக்கில் ஒரு சாமந்தி மாலை. முன் சீட்டில் அவர், மடியில் வெள்ளைத் துண்டு சுற்றிய மாதா.

தெருமுனை திரும்பியதும் முதல் வெடி. சுரூபம் மடியில் துள்ளியது.

“கிளட்சு டைட்டா கீது நைனா. மெதுவா போனா உதறுது. கொஞ்சம் மிதிச்சி வுடணும்.”

மிதித்து விட்டான். மறுபடி மூன்று வெடி, சரம் கொளுத்தின மாதிரி. அந்தப் பக்கத்துத் தெருக்களில் சாவு எடுக்கும்போதுதான் அப்படி வெடிப்பார்கள். எதிரே பைக்கில் வந்தவன் ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். லூயிஸுக்கு ஏனென்று புரியவில்லை. வலை வியாபாரி காஜா மொய்தீன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். காரைப் பார்த்தார், உள்ளே போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார், ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். பிணம் கடந்து போகிற வரைக்கும் கடைக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அப்போதுதான் லூயிஸுக்கு உறைத்தது. காது மடல் சுட்டது.

அடுத்த வெடிக்குப் பூக்கார ரமாபாய் கூடையோடு எழுந்து ஓடி வந்தாள். காரில் ஃப்ளோரா இல்லை. பின்னால் வெள்ளைத் துணிக்குக் கீழே நீளமாக ஏதோ கிடக்கிறது. முன்னால் லூயிஸ் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு வேறென்ன தோன்றும்? மார்பில் அடித்துக்கொண்டாள்.

“எக்கா, ஃப்ளோராக்கா, நேத்திகூட கதம்பம் வாங்கினியே, இப்பிடிப் பூட்டியே!”

ஒரு கை உதிரிப்பூ முன்கண்ணாடியில் வந்து விழுந்தது. வீடுகளில் இருந்து பெண்கள் வந்தார்கள். கண்ணாடியை இறக்கி, சாவு இல்லை, மாதா என்று சொல்ல லூயிஸ் வாயைத் திறந்தார். வெடி அவர் பேச்சை விழுங்கியது. நிறுத்துடா என்றார். கூட்டத்தில் நிறுத்தினால் கிளட்ச் போய்விடும் என்றான் சாவியோ. அவன் பார்வை பக்கவாட்டுக் கண்ணாடியில் இருந்தது.

லூயிஸும் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் பைக்கில் தீனா வந்துகொண்டிருந்தான். ஓட்டியது வேறொருவன். தீனா உட்கார்ந்தபடி போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையைத் தூக்கி, இன்னும் இன்னும் என்று விரல்களை ஆட்டினான். லூயிஸ் மெதுவாகத் தலையைக் குனிந்து மகனின் காலைப் பார்த்தார். இடது கால் கிளட்சை முழுசாக மிதித்திருந்தது. வண்டி சும்மா உருண்டுகொண்டிருந்தது. உதறலும் இல்லை ஒன்றும் இல்லை. வலது கால் மட்டும் ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்தி எடுத்தது. ஒரு எடுப்புக்கு ஒரு வெடி. ஒரு வெடிக்கு ஒரு ஒப்பாரி.

பெற்ற தாய் செத்துவிட்டாள் என்று தெருவே அழுகிறது. அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

லூயிஸ் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் குலுங்கி நின்றது. செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு மாதாவோடு இறங்கினார்.

“நைனா, சும்மா தமாசுக்கு. இன்னா இப்போ?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரமாபாயிடம் மட்டும் துண்டை விலக்கி மாதா முகத்தைக் காட்டினார். அவள் கை மார்பிலேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குறுக்குச் சந்திலிருந்து ஃப்ளோரா கைக்குடையோடு வந்தாள். தன்னைச் சுற்றி ஏன் இவ்வளவு பேர் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தாள். ரமாபாய் அவளைக் கட்டிக்கொண்டு, பாழாப்போனவளே, நீ உசுரோடதான் கீறியா என்று கேட்டு இன்னொரு மூச்சு அழுதாள். யாரோ சிரித்தார்கள். காஜா மொய்தீன் சிரிக்கவில்லை. ஷட்டரை மேலே தள்ளிவிட்டு வந்து, காரின் பின்கதவைத் திறந்து, குடைக் கம்புகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். “வுடு லூயிஸண்ணே, நட,” என்றார்.

கன்டெய்னர் லாரிகள் அரைத்துப் போட்ட தார்ச் சரளை வெறுங்காலில் குத்தியது. லூயிஸ் முதுகை வளைக்காமல் நடந்தார். சாவுக்கென்று வெளியே வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்ப வெட்கப்பட்டோ என்னவோ பின்னாலேயே வந்தார்கள். கோயில் வாசலில் ஃபாதர் கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேர் வந்ததே இல்லை என்று லூயிஸைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவருக்கு எச்சில் இலையில் பரிமாறினதுபோல இருந்தது.

மாதாவைப் பீடத்தில் வைத்துவிட்டு, எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: “அடுத்த வருசத்துலேர்ந்து கடைசி நாளு கிறிஸ்டினா வூட்டுக்குக் குடுத்துடுங்க ஃபாதர்.”

கிறிஸ்டினா வாயைத் திறந்தவள் மூடவில்லை. ஃப்ளோரா அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார், முரட்டுத்தனமாக இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கார் வாசலில் நின்றது. பானெட்டில் சாய்ந்து சாவியோவும் தீனாவும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனுக்குள்ளிருந்து ரமாபாயின் ஒப்பாரி கேட்டது. அதற்கு யாரோ குத்துப்பாட்டு மெட்டும் சேர்த்திருந்தார்கள். பின்பக்கத்து வெள்ளைத் துணி தரையில் கிடந்தது, குழாய்ப் பக்கம் இருந்த ஓரம் கரி பிடித்துக் கறுத்து.

லூயிஸ் உள்ளே போனார். சவரம் செய்யும் பிளேடும் ஒரு குவளை சோப்புத் தண்ணீருமாக வந்தார். ஸ்டூலைக் காருக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நனைத்தார். முதல் எழுத்தின் விளிம்பில் பிளேடை நுழைத்து, மெல்ல உரிக்கத் தொடங்கினார்.

சாவியோ ஓடி வந்தான். “இன்னா நைனா பண்றே? தாத்தா பேரு அது.”

“ஆமா,” என்றார் லூயிஸ். “அதான் எடுக்கறேன்.”

தீனா போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி எழுத்தின் பசை மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. லூயிஸ் இன்னொரு தரம் தண்ணீரைத் தடவி, அது போகிற வரைக்கும் சுரண்டினார். பிறகு வாசலில் இருந்த வாளியில் கையைக் கழுவினார். பெட்ரோல் நாற்றம் போகவில்லை. மறுபடி கழுவினார்.