சவ ஊர்வலத்துக்காக நிறுத்திய கார்

அநீதி தலைவிரித்தாடும்போது ஒரே ஒரு மனிதன் எழுந்து நின்றால் போதும், சரித்திரம் திசைமாறிவிடும். கவுன்சிலர் ஃபெஸ்டஸ் ஹெனகன் இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தபோது எழுந்து நிற்கவில்லை. தன் சொந்தக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், மடியில் ஓர் 'எல்' அட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டியது அவர் மனைவி அட்ராக்டா. உலகம் என்று அங்கே இருந்ததும் அவள் ஒருத்திதான். ஓட்டுநர் தேர்வில் ஹெனகன் தோற்று இன்னும் அரைமணி நேரம் ஆகவில்லை.

"அப்பீல் போறேன்," என்றார். "ஜட்ஜ் முன்னாடி அந்த ஆளை நிக்கவெச்சு நாலு கேள்வி கேக்கறேன்."

"பெல்ட்டைப் போடு ஃபெஸ்டி," என்றாள் அட்ராக்டா. "அது பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கு."

கில்கோரன் வட்டாரத்தில் ஹெனகன் கார் ஓட்டிப் பார்க்காதவர்கள் கிடையாது. லைசென்ஸ்தான் கிடையாது. வாலிபத்தில் வாங்கிய பழகுநர் உரிமத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்துவிட்டது. லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது சட்டம். உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள் என்பது நடைமுறை. இந்த நடைமுறையிலேயே அவர் கவுன்சிலில் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவராகவும் உயர்ந்தார். வருடந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள் ஒளிச்சட்டை மாட்டிவிட்டு, சாலை விதியே ஒழுக்கத்தின் முதல் படி என்று பேசுவார். பிள்ளைகள் மழையில் நின்று கேட்கும்.

குளிர்காலத்தில் டப்ளினிலிருந்து ஒரு பெண் சார்ஜென்ட் மாற்றலாகி வந்தாள். ஹெனகனை மடக்கி, பெயர் கேட்டாள். அவரிடமே அவர் பெயரை! அடுத்த தடவை தனியாக ஓட்டினால் காரைப் பறித்துக்கொள்வேன் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாதம் தேர்தல். எங்கள் பக்கத்தில் எந்தக் கவுன்சிலரும் சாலை போட்டு ஜெயித்ததில்லை. சாவுக்குப் போய்த்தான் ஜெயிக்கிறார்கள். துக்க வீட்டு வாசலில் வரிசையில் நின்று, கையைப் பிடித்து, இரண்டு வார்த்தை சொல்லி, சாண்ட்விச் தின்றுவிட்டு வர வேண்டும். எதிராளி பாஸ்கோ கோகன் இந்த வித்தையில் கெட்டிக்காரன். பாதிரியார் வருவதற்கு முன்பே வந்து நிற்பான். அட்ராக்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். உன் சொந்தக்காரன் செத்தால் கூட்டிக்கொண்டு போகிறேன், ஊரான் செத்தால் பஸ்ஸில் போ என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ஆகவே லைசென்ஸ் இல்லையேல் சாவு இல்லை. சாவு இல்லையேல் நாற்காலி இல்லை. மறுபடி தேர்வுக்கு நாள் கேட்டால் தேர்தலெல்லாம் முடிந்த பிறகுதான் கிடைக்கும்.

தேர்வு அதிகாரி குவிர்க் அதிகம் பேசாதவர். எதிரே கார் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஹெனகன் ஓட்டுக் கேட்கிறவர், ஆகவே தேர்வின்போது முழுக் கையையும் தூக்கினார். ஒரு டிராக்டருக்கு இரண்டு கையையும் தூக்கினார். குவிர்க் ஏதோ குறித்துக்கொண்டார். மாதா கோயில் வந்தது. ஹெனகன் நிதானமாகச் சிலுவை போட்டார். குவிர்க் மறுபடி குறித்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தச் சவ ஊர்வலம் எதிர்ப்பட்டது. சவ வண்டிக்கு முன்னால் நடந்து வந்தவன் கில்கோரனில் சவ அடக்கத்தைத் தொழிலாகச் செய்யும் கீவனி. கீவனி புதைத்தால் நம் தொகுதிப் பிணம்தான் என்று ஹெனகனின் உள்ளுணர்வு சொல்லிவிட்டது. ஊர்வலம் வந்தால் நின்று, கூட நாலடி நடந்துவிட்டுத் திரும்புவது பழைய மரியாதை. ஹெனகன் காரை நட்டநடு ரோட்டில் நிறுத்தினார், இறங்கினார், நடந்தார். நாலடி போனதும் விதவையின் கை எட்டும் தூரத்தில் தெரிந்தது. அதைப் பிடித்து, "தங்கமான மனுஷன்மா. இப்படி ஒருத்தரை இனிமே பாக்க முடியாது," என்றார். இறந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் இந்த வாக்கியம் யாருக்கும் பொருந்தும். இதுவரை யாரும் மறுத்ததில்லை. அந்தம்மாள் கையிலிருந்த மலர்வளையத்தை அவரிடம் நீட்டினாள். இவ்வளவு பெரிய கௌரவத்தை எப்படி மறுப்பது? கல்லறை வரைக்கும் போனார். ஜெபத்துக்கும் நின்றார்.

திரும்பி வந்தபோது கார் நிறுத்திய இடத்தில் இல்லை. இறக்கத்தில் உருண்டுபோய் ஒரு கல்சுவர் ஓரமாக நின்றிருந்தது. குவிர்க் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி உள்ளே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உங்க துக்கத்துக்கு வருந்தறேன், மிஸ்டர் ஹெனகன்," என்றார் குவிர்க். "நெருங்கின சொந்தமா?"

ஹெனகனை எரித்தது அந்தக் கேள்விதான்.

மறுநாள் வக்கீல் ஜார்லத் ஃபீரிக்கின் மேஜையைக் குத்திக் குத்தி அவர் இதையெல்லாம் சொன்னார். இறந்தவரை அவமதித்தார்கள், மரபை அவமதித்தார்கள், கவுன்சிலை அவமதித்தார்கள் என்று வரிசையாக அடுக்கினார். ஃபீரிக் பொறுமையாகக் கேட்டார்.

"கவுன்சிலரே, கோவிச்சுக்காதீங்க. ஜட்ஜால உங்களுக்கு லைசென்ஸ் குடுக்க முடியாது. டெஸ்ட் முறைப்படி நடக்கலைன்னு அவருக்குப் பட்டா, இன்னொரு டெஸ்ட் வெக்கச் சொல்லுவார். அவ்வளவுதான் சட்டம்."

"முறைப்படி எங்கய்யா நடந்துச்சு? பாதி டெஸ்ட் நான் கார்லயே இல்லையே!"

"அதை நம்ம வாயால சொல்ல வேணாம்," என்றார் ஃபீரிக்.

இன்னொன்றும் சொன்னார். கோர்ட்டில் பத்திரிகைக்காரன் உட்கார்ந்திருப்பான். சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவருக்கு இத்தனை காலமும் லைசென்ஸே இல்லை என்பது அவன் மூலம் சமையலறை சமையலறையாகப் போகும். ஹெனகன் மேஜையைக் குத்துவதை நிறுத்தினார். அவர் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது. தியாகிகளின் முகத்தில் பரவுகிற அதே ஒளி.

"போடட்டுமே," என்றார். "தன் தொகுதி மனுஷன் சாவுக்கு மரியாதை பண்ணினதுக்காகக் கவுன்சிலரை ஃபெயில் ஆக்கிட்டாங்கன்னு போடட்டும். லைசென்ஸை எவன் பாப்பான்? நான் போகாத சாவெல்லாம் இந்த ஒரு சாவுல அடங்கிடும்."

ஃபீரிக் பேனாவைக் கீழே வைத்தார். முதன்முறையாக வழக்கு அவருக்கே பிடித்துப்போன மாதிரி இருந்தது. ஆனால் குடும்பத்தார் சாட்சிக்கு வர வேண்டும் என்றார். "செத்தவர் யாரு, எந்த ஊருங்கறதுதான் பேப்பர்ல முதல் வரி. அவங்க வாயால 'இவர் எங்க கவுன்சிலர்'னு சொல்லணும். இல்லாட்டி ரோட்டுல காரை விட்டுட்டு ஓடின ஆள்தான் மிஞ்சுவார்."

ஞாயிற்றுக்கிழமை அட்ராக்டா அவரை அந்த விதவையின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீவனியிடம் வழி கேட்டு வைத்திருந்தவளும் அவள்தான். ஹெனகன் வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நீதிபதியிடம் பேசிக்கொண்டு வந்தார். குவிர்க்கை இதயமில்லாத எந்திரம் என்றார். அப்புறம் அதைத் திருத்தி, சிலுவை போடத் தெரியாத எந்திரம் என்றார்.

"அந்த ஆளைக் காரோட உருளவிட்டது நீ," என்றாள் அட்ராக்டா. "செத்திருந்தா அந்தச் சாவுக்கும் போய்க் கை குடுத்திருப்ப."

"உனக்கு அரசியல் புரியாது."

"எனக்கு ஹேண்ட்பிரேக் புரியும். நான் லைசென்ஸ் வாங்கி வந்த அன்னிக்கு நீ என்ன சொன்ன தெரியுமா? பொம்பளைங்களுக்குச் சுலபமாக் குடுத்துடுவாங்கன்னு. அன்னிலேருந்து உன்னைத் தூக்கிச் சுமக்கறேன். குடிச்சப்பவும் நான்தான், கூட்டத்துக்கும் நான்தான். ஒருநாள் நன்றின்னு வாயில வந்துச்சா?"

குரல் உயரவில்லை. ஹெனகன் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தியிருக்கலாம். அவரோ, கோர்ட்டில் நீ முதல் வரிசையில் உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். அட்ராக்டா காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தான் உள்ளே வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

விதவை வினிஃப்ரட் மனெல்லியும் மகன் எண்டாவும் அவரை நல்லபடியாக வரவேற்றார்கள். தேநீர் வந்தது, பழ கேக் வந்தது. ஹெனகன் தன் வழக்கை விளக்கினார். மரபு என்றபோது குரலைத் தாழ்த்தினார், குவிர்க் என்றபோது உயர்த்தினார்.

வினிஃப்ரட் அவரை உற்றுப் பார்த்தாள். "அட, நீங்களா அது? கீவனியோட ஆளுன்னு நெனச்சேன். அதான் வளையத்தைக் குடுத்துப் பிடிச்சுக்கச் சொன்னேன். உங்களுக்கு டிப்ஸ் குடுக்கலையேன்னு ராத்திரி பூரா மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு."

ஹெனகனின் காது சிவந்தது. ஆனாலும் பெரிய லட்சியத்தின் முன் சின்ன அவமானம் எம்மாத்திரம் என்று கேக்கை விழுங்கினார். எண்டாவோ இளகிப் போயிருந்தான். அப்பாவுக்காக டெஸ்டையே விட்டிறங்கின மனிதருக்கு இதுகூடச் செய்ய மாட்டோமா, எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வருகிறோம், வீட்டில் ஐந்து பேரும் வருகிறோம் என்றான்.

ஹெனகனுக்குக் கண் கலங்கியது. ஐந்து பேர்! எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியபடி, பேச்சுவாக்கில், தேர்தலன்று அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டார். எண்டா சொன்னான். ஹெனகன் இன்னொரு தடவை கேட்டார். எண்டா இன்னொரு தடவை சொன்னான்.

வெளியே வந்து காரில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினார். பெல்ட்டைத் தானாகவே போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, துக்கத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தைக் கோர்ட்டுப் படியேற்றுவது மனசாட்சியுள்ளவன் செய்கிற காரியமல்ல என்று அறிவித்தார். அப்பீல் வேண்டாம் என்று ஃபீரிக்கிடம் நாளைக்கே சொல்லிவிடப் போகிறாராம்.

மனெல்லி வீட்டின் ஐந்து ஓட்டும் அடுத்த மாவட்டத்தில் இருந்தன.