நிற்காத நுரை

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைச் செக்கர் என்றுதான் சொல்வார்கள். பெட்டிக்குள் கால் வைத்த உடனே டிக்கெட் இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கறுப்புக் கோட்டைக் கண்டதும் கண்ணை மூடித் தூங்குகிறவன், கழிப்பறைப் பக்கம் நழுவுகிறவன், ஒரு நாளும் இல்லாத அக்கறையோடு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவன். அப்பேர்ப்பட்ட மனிதர், அன்று சாயங்காலம் சொந்த வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ஒரு நாளும் இல்லாத அக்கறையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே மருமகள் ஒரு கண்ணாடி டம்ளரின் முன்னால் குனிந்து நின்றாள். டம்ளரில் ஐஸ் கட்டிகள் மிதக்கும் காபி. அதன் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளையாக நுரை நிற்க வேண்டும். ஊற்றியபோது நின்றது. அவள் வாயைத் திறந்து சிரிப்பதற்குள் குமிழ் குமிழாக உடைந்து, காபியோடு காபியாகக் கலங்கிப் போய்விட்டது.

"போச்சு மாமா. இன்னைக்கும் போச்சு."

அடுப்பு மேடையில் சாத்தி வைத்திருந்த அவளுடைய போனில் ஒருவன் சிரித்த முகத்தோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தான். பால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கொழுப்பு எடுத்த பாலாக இருந்தால் நுரை லேசாக வரும், வாசனைப் பாகை அடிக்கும்போதே சேர்க்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பாத்திரத்துல, மத்துல, எங்கேயாவது ஒரு பொட்டு எண்ணெய் இருந்தாலும் நுரை நிக்காது."

"எண்ணெய் இங்க எங்கேருந்து வரும்? எல்லாத்தையும் சோப்பு போட்டுத்தானே கழுவுறேன்," என்று அவள் போனைப் பார்த்துச் சண்டைக்குப் போனாள்.

செக்கர் ஜன்னல் பக்கம் இன்னும் நன்றாகத் திரும்பிக்கொண்டார். எண்ணெய் எங்கேயிருந்து வருகிறது என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். பூங்காவில் சாயங்காலம் நடக்கும்போது அவருக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். அவர் புருஷனை இழந்தவர், இவர் மனைவியை இழந்தவர். முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு என்று பேச ஆரம்பித்து, பிறகு வலி இல்லாத விஷயங்களையும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அந்த அம்மாள், "உங்களைத் தொப்பி இல்லாம ஒரு தடவைகூடப் பார்த்ததே இல்லையே," என்று சாதாரணமாகத்தான் சொன்னார். செக்கர் அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. வழுக்கை நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.

விளக்கெண்ணெயும் வெங்காயச் சாறும் சமமாகக் கலந்து தேய்த்தால் முடி முளைக்கும் என்று எங்கேயோ படித்தார். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேருவேனா என்றன. கரண்டியால் எவ்வளவு கிண்டினாலும் எண்ணெய் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம். அப்போதுதான் சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்த மருமகளின் குட்டி மத்து கண்ணில் பட்டது. பேட்டரியில் ஓடுவது, நுனியில் சுருள் கம்பி வளையம். ஒரு சுற்றுச் சுற்றியதும் கலவை குழம்பாகத் திரண்டு வந்தது. மருமகள் மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்துத் தினமும் அடிப்பார், தேய்ப்பார், மத்தைக் குழாயில் காட்டித் துண்டால் துடைத்துக் கொக்கியில் மாட்டிவிடுவார். அவளோ வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவி மாட்டுகிறவள். கழுவி மாட்டியதை எடுக்கும்போது மறுபடி யார் கழுவுவார்கள்? சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வாங்கினால் வீட்டில் எதற்கு என்று கேட்பார்களே!

மருமகள் வேலை பார்த்த துணிக்கடையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறி இறங்காத இடம் இல்லை. கடைசியில் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காபிக் கடை வைத்திருக்கும் அம்மாள்தான் பார்க்கலாம் என்றார். வெயில்காலத்துக்கு ஐஸ் காபி போடப்போகிறாராம். மேலே வெனிலா, பட்டை, கருக்கிய சர்க்கரை என்று விதவிதமான வாசனையில் கோல்ட் ஃபோம் என்கிற குளிர்ந்த பால் நுரை நிற்க வேண்டுமாம். "ஞாயித்துக்கிழமை கடை லீவு. சாயங்காலம் நானே மேல வர்றேன். உன் கையால போட்டுக் காட்டு. நல்லா இருந்தா திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடு," என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் பால் பாக்கெட்டும் ஐஸும் தவிர வேறு பேச்சில்லை.

செக்கரின் மகன் லிஃப்ட் மெக்கானிக். அன்று வேலையிலிருந்து வந்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ன வாசனை போட்டிருக்கே? வெங்காயமா?"

"வெனிலா!"

"வெனிலாவா? அப்போ கூடவே ரெண்டு சமோசா குடு, சரியா இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஃபிரிட்ஜில் வைத்த வெங்காயத்தின் வாடைதான் பாலில் ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்துத் தட்டுத் தட்டாகக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். செக்கரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் தேய் தேயென்று தேய்த்தார். "நீங்க எதுக்கு மாமா கஷ்டப்படுறீங்க?" என்று அவள் கேட்டபோது அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எல்லாம் துடைத்து முடித்து இன்னொரு தடவை அடித்தாள். இடையில் கழுவாத அதே மத்து, அதே கதை. டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து விட்டபடி அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். செக்கர் இரண்டடி தூரத்தில் நின்றார்.

"எனக்கு எதுவுமே கைகூடாது மாமா. அவர்கிட்ட சொன்னா கேலி பண்ணுவார், அதான் உங்ககிட்ட சொல்றேன். கடை மூடினப்பகூட, மத்தவங்களை எல்லாம் வேற கிளைக்கு மாத்தினாங்க, என்னை மட்டும்தான் வேண்டாம்னாங்க. எங்க அம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்லை. என் கையிலதான் ஏதோ கோளாறு."

இப்போது சொல்லியிருக்க வேண்டும். உன் கையில் ஒரு கோளாறும் இல்லையம்மா, என் தலையில்தான் என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் வெங்காயம் வரும், எண்ணெய் வரும், வழுக்கை வரும், யாருக்காக என்று கேள்வி வரும், கடைசியில் பூங்கா வரும். மகன் சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே காதில் கேட்டது.

"விடும்மா," என்றார் செக்கர். "இந்தப் பாலே சரியில்லை. கலப்படம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பெரியவர் சொன்னதை அப்படியே நம்பினாள். மறுநாள் வேறு பால் வாங்கி வந்தாள்.

அந்த மறுநாள் மத்தியானம் செக்கர் மத்தை வெந்நீரில் ஊறவைத்து, சுருளுக்குள் பழைய பல் துலக்கும் பிரஷை விட்டு, சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று தீர்மானித்தார். சாயங்காலம் நுரை நின்றது! பஞ்சு மாதிரி நின்றது. கரண்டியால் தொட்டால் குழி விழுந்து அப்படியே இருந்தது. அவள் கையைத் தட்டிக்கொண்டு, "நீங்க சொன்னது சரிதான் மாமா, பால்தான் கோளாறு!" என்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றது. செக்கர் மூன்று வாசனையும் குடித்துவிட்டு, பட்டைதான் உசத்தி என்று தீர்ப்பும் சொன்னார். ஒருவரிடமும் சொல்லாமலே தவறு சரியாகிவிட்டது, அதோடு போயிற்று என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆள் திருந்திவிட்டார் என்றுதான் நாமும் நினைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்கறிக் கடையில் நர்ஸம்மாள் எதிர்ப்பட்டார். "நாளைக்கு என் பொண்ணு வர்றா. உங்களைப் பத்தி நிறையச் சொல்லி வெச்சிருக்கேன். பூங்காவுக்குக் கூட்டிட்டு வர்றேன். அந்தத் தொப்பியை வீட்டுல வெச்சுட்டு வாங்களேன், எப்பப் பார்த்தாலும் மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி இருக்கீங்க," என்று சிரித்தார்.

ஒரே ஒரு நாள் தேய்த்தால் முடி முளைத்துவிடாது என்பது செக்கருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆசை வந்துவிட்டது. மத்தியானம் மருமகள் தலைக்குக் குளித்துவிட்டு அசந்து படுத்திருந்தாள். மகன் மொட்டை மாடியில் எவனோடோ போனில் அரட்டை. ஒரே ஒரு தடவை, உடனே சோப்பு போட்டுக் கழுவிவிடலாம் என்று அவர் மத்தை எடுத்தார். அடித்தார். அறைக்குப் போய்த் தலை நிறையப் பூசிக்கொண்டு வெந்நீர் வைக்கத் திரும்பி வருகிறார், வாசல் மணி அடித்தது.

"சாயங்காலம்னு சொன்னேன், கையில வேலை இல்லை, இப்பவே வந்துட்டேன்," என்று காபிக் கடைக்கார அம்மாளின் குரல். மருமகள் எழுந்து ஓடிவரும் சத்தம். செக்கர் மத்தை ஓடுகிற குழாயில் ஒரு காட்டுக் காட்டிக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எல்லாம் கேட்டது. ஐஸ் விழுகிற சத்தம், மத்து சுழல்கிற சத்தம், பிறகு சத்தமே இல்லை.

"என்னம்மா, இறங்கிடுச்சே?"

"இருங்கம்மா, இன்னொரு தடவை போடுறேன். நேத்து நல்லா வந்துச்சு."

மறுபடி மத்து. மறுபடி அமைதி. மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த மகன், "நிஜமாவே நேத்து நல்லா நின்னுச்சும்மா, நானே குடிச்சேன்," என்று பரிந்து பேசினான். கேலிக்காரன்கூடக் கெஞ்சுகிற குரலில் பேசினான்.

"அதனால என்ன, பரவாயில்லை. பழகப் பழக வரும். எனக்குத்தான் அவசரம். இன்னொரு பொண்ணும் கேட்டிருக்கா..."

நாற்காலி நகர்ந்தது. செக்கர் தாழ்ப்பாளில் கை வைத்தார். கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிந்தான், மண்டை பளபளவென்று, காதோரம் எண்ணெய் வழிந்துகொண்டு. இந்தக் கோலத்தில் ஒரு வெளி மனுஷி முன்னால் போய் நிற்பதா? முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா. தப்பு அவ மேல இல்லை, என் மேல. அந்த மத்துல எண்ணெய் இருக்கு. நான்தான்... தலைக்கு... வெங்காயச் சாறு கலக்குறதுக்கு எடுத்தேன்."

மூன்று பேரும் அவர் தலையைப் பார்த்தார்கள். கடைக்கார அம்மாள்தான் முதலில் சிரித்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. "அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இந்த வயசுல!" என்று மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூசிப் போனது உண்மைதான். ஆனால் இத்தனை நாள் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

மருமகள் மட்டும் சிரிக்காமல் மத்தைச் சோப்பு போட்டுக் கழுவினாள். மூன்று டம்ளரிலும் நுரை நின்றது. கடைக்கார அம்மாள் மூன்றையும் குடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் வந்துவிடு என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போதும் சிரித்துக்கொண்டே போனார். மகன் அவரை வழியனுப்பக் கூடவே போனான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று செக்கர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா," என்றாள் மருமகள். கையில் ஈர டம்ளர். "நேத்தும் முந்தாநேத்தும் நல்லா வந்துச்சே. அந்த ரெண்டு நாளும் நீங்க மத்தை எடுக்கலையா?"

"எடுக்கலம்மா."

"ஏன் எடுக்கல?"

செக்கர் கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"அப்போ முன்னாடியே தெரியும். நான் இங்க நின்னு அழுதேனே, என் கையில கோளாறுன்னு சொன்னேனே, அப்பவே தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"தெரியும்," என்றார்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பார். "சொல்லியிருந்தா நான் சிரிச்சிருக்க மாட்டேன் மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்த செக்கர், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கடைக்கார அம்மாள் முன்னால் வராத அவமானம் அப்போதுதான் வந்தது. உள்ளங்கால் வரைக்கும் கூசியது.

மறுநாள் அவர் பூங்காவுக்குப் போகவில்லை. மருமகளின் முதல் நாள், வந்ததும் அத்தனையும் சொல்வாள், எப்போதும் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறவள்தானே என்று கூடத்தில் காத்திருந்தார். இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள்.

"எப்படிம்மா போச்சு?"

"நல்லா போச்சு மாமா. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்மா."

"சரி மாமா," என்று உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் மகனுடைய அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. முதல் நாள் கதை. யாரோ ஒரு வாடிக்கையாளர் நுரையை மட்டும் தின்றுவிட்டுக் காபியைத் திருப்பிக் கொடுத்தாராம். மகன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அது தனக்குச் சொல்லப்பட்ட கதை இல்லை என்பது செக்கருக்குப் புரிந்தது. அவர் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.