ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

செத்த கோழிகளை ஆட்களோடு சேர்ந்து குழியில் கொட்டி மூடிவிட்டு, மாதையன் ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்தார். ஒன்பதாயிரம் உருப்படி. நேற்று மத்தியானம் ஆயுத பூஜைக்குக் கற்பூரம் காட்டிய அதே கைதான். நாமக்கல் பக்கத்துப் பண்ணையில் பதினாறு வருஷமாக எலக்ட்ரீசியன். பண்ணைக்காரர் வெள்ளியங்கிரி திட்டக்கூட இல்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டார்.

சேலத்திலிருந்து மைதிலி வந்து சேர்ந்தபோது மணி பத்து. போன வருஷம் தீபாவளி முடிந்து இந்த ஷெட்டுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். நாலா பக்கமும் அடைத்த ஷெட். விசிறி ஓடினால்தான் கோழிக்கு மூச்சு. எந்த விசிறி எப்போது ஓட வேண்டும் என்று ஆபீஸ் அறையிலிருக்கும் கன்ட்ரோலர் சொல்லும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை மூன்று நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள். எலி ஒரு கேபிளைக் கடித்தாலும் மறுபக்கமாகச் செய்தி போகட்டும் என்று மூன்றையும் வளையமாகக் கோத்திருந்தாள். வளையம் போட்டால் மட்டும் ஆச்சா? ஒரு பக்கத்தை அடைத்து வைத்து, தேவைக்கு மட்டும் திறக்கும்படி பெட்டிக்குள் செட்டிங் எழுத வேண்டும். எழுதாவிட்டால் போன செய்தியே சுற்றிச் சுற்றி வந்து லைனை அடைத்துவிடும். எழுதினாள். ஒரு கேபிளைப் பிடுங்கியும் காட்டினாள். விசிறி நிற்கவில்லை, எல்லாரும் அசந்து போனார்கள்.

இப்போது லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். அவள் எழுதிய ஒன்றுமே இல்லை. வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே பெட்டி கிடந்தது. இந்த ரகப் பெட்டியில் எழுதியது உடனே வேலை செய்யும். ஆனால் தனியாக சேவ் கொடுத்தால்தான் கரண்ட் போனாலும் தங்கும். அன்றைக்கு இலை போட்டாச்சு, ஆறிப்போகும் என்று கூப்பிட்டார்கள். கையைக் கழுவப் போனவள் அதை அப்படியே மறந்தாள். யூபிஎஸ் இருந்ததால் வருஷம் முழுக்கப் பெட்டிக்குக் கரண்டே போகவில்லை.

ஆயுத பூஜைக்கு, ஓடுகிறதை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது ஊர் வழக்கம். மாதையன் யூபிஎஸ்ஸையும் ஐந்து நிமிஷம் அணைத்தார். மறுபடி போட்டு, விசிறி ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பொரி வாங்கப் போனார். அதற்கப்புறம், செட்டிங் அழிந்த பெட்டிகளில் செய்தி சுற்றி லைன் அடைத்து விசிறிகள் நின்றன. போனுக்கு வர வேண்டிய அலாரத்துக்கும் அதே லைன்தான். ஒருத்தர் போனும் அடிக்கவில்லை. தெரிந்து ஓடி வந்து, கதவையெல்லாம் திறந்துவிட்டு மிச்சக் கோழிகளைத்தான் காப்பாற்ற முடிந்தது.

பத்து நிமிஷ வேலை. திரும்ப எழுதி, சேவ் கொடுத்து, மூடிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கரண்டை அணைத்ததால் வந்த வினை என்று வெள்ளியங்கிரியே முடிவு கட்டியாகிவிட்டது. பாழாய்ப்போன மனசு அப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தது.

அந்த நேரம் பார்த்து மாதையன் உள்ளே வந்தார்.

“அம்மிணி, நான் ஒயரு ஏதாச்சும் மாத்திச் சொருகிட்டனுங்களா? உக்காந்து யோசிச்சுப் பாக்கறேன், புடிபட மாட்டேங்குது.”

மைதிலியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, அவரையும் கூட்டிக்கொண்டு வெள்ளியங்கிரி முன்னால் போய் நின்றாள்.

“தப்பு என்னோடதுங்க. நான் சேவ் பண்ணாம விட்டுட்டேன். அண்ணன் அணைச்சதுல ஒரு தப்பும் இல்லைங்க.”

வெள்ளியங்கிரி எழுந்து இருவரையும் கூட்டிக்கொண்டு பெட்டி இருந்த இடத்துக்கு வந்தார். அப்புறம், இப்போது எழுதி முடிக்கட்டும், முடித்ததும் மாதையனே அணைத்துப் போட வேண்டும், நான் பார்க்க வேண்டும் என்றார்.

எழுதி சேவ் கொடுத்தாள். விசிறிகள் ஓடின. மாதையனுக்குக் கை போகவே இல்லை. பெட்டியில் நேற்று வைத்த குங்குமம் இன்னும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அணைத்தார். விசிறிகள் நின்றன. மிச்சமிருந்த கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி போட்டார். ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அரைமணி நேரம் மூவரும் நின்று பார்த்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

மாதையனை நாளைக்கு வரச் சொன்னார் வெள்ளியங்கிரி. மைதிலியிடம், “இனி நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க,” என்றார். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது.

மாதையன் அவள் பையை வண்டி வரைக்கும் தூக்கி வந்தார்.

“நீங்க சொல்லாம போயிருந்தா, என்ற ஊட்டு லைட்டக்கூட இனி நான் தொட்டிருக்க மாட்டேன் சாமி.”

மைதிலிக்கு அழுகை வந்தது. ராசிபுரம் தாண்டும் வரைக்கும் நிற்கவில்லை.