மருமகனின் குளிசை

றிஸ்மி ஐம்பது கிலோ நெல் மூட்டையைப் பஞ்சுபோலத் தூக்குகிற ஆள். அப்படிப்பட்டவனைப் பெருங்குடல் அழற்சி ஆட்டிப் படைத்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து மூன்று மாதமாக வயிற்றோட்டமும் இரத்தமும் நிற்கவில்லை. இந்த மாதமும் குறையாவிட்டால் இன்னும் கடுமையான மருந்து, அதுவும் கேட்காவிட்டால் குடலை வெட்ட வேண்டியதுதான் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி றுமானா கல்முனையில் மருந்தாளர். மருந்து சரி, அளவும் சரி, குளிசைப் பெட்டியும் தவறாமல் காலியாகிறது. பிறகு ஏன் கேட்கவில்லை? யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வெடித்தது.

"குளிசை குடிச்சீங்களா?" என்று தினமும் கேட்பாள்.

"ஓம், குடிச்சிட்டன்," என்பான் அவன். பொய்யில்லை.

ஒருநாள் காலையில் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனாள். உம்மா முனவ்வறா அம்மியில் செங்கல் நிறத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேன் போத்தல்.

"உம்மா! அது அவர்ட குளிசைதானே?"

உம்மா திருதிருவென்று விழித்தார். "மருமகனுக்குப் பெரிய குளிசை தொண்டைக்குள்ள இறங்குதில்ல மகள். மருந்துக்காரப் பொஞ்சாதிக்கிட்டச் சொல்ல வெக்கமாம். நான்தான் தேன்ல குழைச்சிக் குடுக்கன். நம்மட ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளைட மானத்த நாமதானே காப்பாத்தணும்?"

றுமானாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அந்தச் சிவப்புத் தோல் அழகுக்குப் பூசினதில்ல உம்மா. இரைப்பைட புளிப்புல அது கரையாது. சிறுகுடல் முடியிற இடத்துல, புளிப்புக் குறைஞ்ச பிறகுதான் கரையும். அப்பதான் மருந்து புண்ணுல போய்ப் படும். அரைச்சிட்டா மேல்குடல்லயே உறிஞ்சப்பட்டு மூத்திரத்தோட போயிரும்."

யாரோ ஒரு இரசாயனக்காரர் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக் கண்டுபிடித்த உறையை உம்மா இரண்டே இழுப்பில் உரித்திருந்தார்.

"அப்ப, நானா அந்தப் புள்ளைய வருத்தத்துல போட்டன்?" உம்மாவின் கண் கலங்கியது.

றுமானாவின் கோபம் எங்கோ போய்விட்டது. மருந்தகத்தில் வருகிறவர்களிடமெல்லாம் 'எப்படிக் குடிக்கிறீங்க?' என்று கேட்கிறவள், சொந்த வீட்டில் 'குடிச்சீங்களா?' என்பதோடு நிறுத்தியிருந்தாள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றே டொக்டரிடம் பேசி, அதே மருந்தைக் கடுகுமணி போன்ற குறுணியாக மாற்றினாள். ஒவ்வொரு குறுணிக்கும் தனித்தனி உறை. கடிக்கக் கூடாது, நாக்கில் போட்டுத் தண்ணீரோடு இறக்கிவிட வேண்டும். றிஸ்மி தலையைச் சொறிந்தபடி இறக்கினான். உம்மாவோ குற்ற உணர்ச்சியில் மருமகனின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் ஒளிந்துகொள்வார்.

நான்காவது வாரம், பின்வளவுக் கழிவறைக்குள்ளிருந்து றிஸ்மியின் குரல் எழும்பியது.

"றுமானா! இந்தக் கிழமை ஏழு நாளும் ஒரு சொட்டு இரத்தம் இல்ல!"

பக்கத்து வளவில் கூட்டிக்கொண்டிருந்த பஸ்மிலாவின் விளக்குமாறு அப்படியே நின்றது. றுமானா அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"உரத்துச் சொல்லுங்க," என்று கத்தினாள். "குசினிக்குள்ள உம்மாக்குக் கேக்கல்ல!"

வெட்கத்தை விட்டு அவன் இன்னொரு தரம் கத்தினான்.